பட்டியலிலிருந்து விலகுகிறவரிடம் அத்தாட்சி கேட்கலாமா?

இரண்டு வருடங்களுக்கு முன்னர் எனது ராத்தாவின் மகனுக்கு ஒரு பயிற்சிநெறி தவறிப்போனது. அவனுடைய புள்ளிகள் குறைந்ததாலோ, சிபாரிசுக்கு ஆள் இல்லாததாலோ அது தவறவில்லை. நான் அவனுக்கு அனுப்பிய மின்னஞ்சல் ஒன்றின் அடியில் சின்ன எழுத்தில் கிடந்த ஒரு வரியால் தவறியது. அந்த வரியைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

கொழும்பிலுள்ள ஒரு நிறுவனம் தொழில் வெற்றிடங்கள், புலமைப்பரிசில்கள், பயிற்சிநெறிகள் பற்றிய அறிவித்தல்களை வாரந்தோறும் மின்னஞ்சலில் அனுப்பிவந்தது. பெயர் பதிந்தவர்களுக்கு மட்டுமே அது வரும். சம்மாந்துறையில் இருந்துகொண்டு இப்படியான செய்திகளை உரிய நேரத்தில் அறிவது முன்பெல்லாம் இலேசான காரியம் அல்ல. பத்திரிகையில் வந்ததை யாரோ வெட்டியெடுத்து, அது கைமாறி நம்மிடம் வந்து சேரும்போது முடிவுத் திகதிக்கு ஒரு நாள்தான் இருக்கும். ஆகவே எனக்கு வருவதை அப்படியே மருமகனுக்கும் அவனோடு உயர்தரம் படித்த பத்துப் பேருக்கும் அனுப்பிவிடுவேன். ஓய்வுபெற்ற ஆசிரியனுக்கு வேறென்ன வேலை?

ஒரு கட்டத்தில் அந்த மடல் வருவது நின்றுவிட்டது. முதல் வாரம் நான் கவனிக்கவில்லை. அடுத்த வாரம், வெற்றிடம் எதுவும் இல்லைபோலும் என்று நினைத்தேன். நோன்புப் பெருநாளைக்கு வந்த ஒரு பிள்ளை, "சேர், அந்தக் கோர்ஸுக்கு எல்லாரும் போட்டாச்சே, உங்கட மருமகன் போடல்லையா?" என்று கேட்டபோதுதான் விசயம் புரிந்தது. முடிவுத் திகதி கடந்து பன்னிரண்டு நாட்கள். தேடிப் பார்த்தால், எனது முகவரியே பட்டியலில் இல்லை. "நீங்களேதான் விலகியிருக்கிறீர்கள்" என்று நிறுவனம் சொன்னது.

நான் விலகவில்லை. பத்துப் பேரில் ஒருவன் விலக்கியிருந்தான். நான் அனுப்பிய மடல்கள் அவனுக்குத் தொந்தரவாக இருந்திருக்கின்றன. அடியில் "இம்மடல்களைப் பெற விரும்பாவிட்டால் இங்கே அழுத்துக" என்று இருந்தது, அழுத்தினான். அவனுடைய பெயர் அந்தப் பட்டியலில் இருக்கவே இல்லை. அந்த இணைப்பு என்னுடையது. நான் விலக்கப்பட்டேன். பிறகு அவனே வந்து, "சேர், நீங்க அனுப்புறதுதான் நிக்கும் எண்டு நெனச்சன்" என்றான். அவனில் பிழை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அந்தச் சூட்டோடு நிறுவனத்துக்கு ஒரு காரமான கடிதம் எழுதினேன். ஒருவரைப் பட்டியலிலிருந்து எடுப்பதற்கு முன்னர் அவர்தானா என்று உறுதிப்படுத்த வேண்டாமா, ஒரு பாஸ்வேர்டாவது கேட்க வேண்டாமா என்று. அன்று அதுதான் நியாயம் என்று எனக்குப் பட்டது. பிறகு என் எண்ணம் மாறியது. மாற்றியவர் எனது உம்மா.

உம்மாவின் ஃபோனுக்கு நூறு ரூபா, இருநூறு ரூபா என்று ரீலோட் போடுவோம். ஒரு நாள் உம்மா முறையிட்டார்: "மகன், நேத்துப் போட்ட காசி இண்டைக்குக் கொறஞ்சி கிடக்கு. நான் ஒருத்தருக்கும் கோல் எடுக்கல்ல." ஃபோனை வாங்கிப் பார்த்தேன். நாளாந்தம் சில ரூபாய்கள் வெட்டிக்கொண்டு கிரிக்கெட் ஓட்ட விபரம் அனுப்பும் சேவை ஒன்றில் உம்மா இணைந்திருந்தார். உம்மாவைப் பொறுத்தவரை கிரிக்கெட் என்பது பேரன்மார் ஜன்னல் கண்ணாடியை உடைக்கும் விளையாட்டு. எப்படி இணைந்தார்? திரையில் திடீரென்று ஏதோ வந்திருக்கிறது; அதைப் போகச் செய்வதற்காக ஒரு பொத்தானை அழுத்தியிருக்கிறார். அவ்வளவுதான். ஒரு அழுத்தலில் உள்ளே.

வெளியே வருவதற்கோ, முதலில் ஆங்கிலச் சொல் ஒன்றை ஒரு குறுகிய இலக்கத்துக்கு அனுப்ப வேண்டும். அதற்குப் பதிலாக நான்கு இலக்கக் குறியீடு ஒன்று வரும். அதைச் சில நிமிடங்களுக்குள் திருப்பி அனுப்ப வேண்டும். எல்லாம் ஆங்கிலத்தில். வீட்டில் ஆங்கிலம் வாசிக்கும் ஆள் வயலுக்கோ கடைக்கோ போயிருந்தால் நேரம் முடிந்துவிடும், திரும்பவும் முதலிலிருந்து. இப்படி ஒன்றரை மாதம் போயிருந்தது.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. உம்மாவின் சிம்மிலிருந்து புறப்பட்ட செய்திதான் "என்னை விடு" என்று கேட்கிறது. அந்தச் சிம் யாருடையது என்று கம்பனிக்குத் தெரியும். தெரிந்துதான் காசு வெட்டுகிறது. அந்தக் குறியீட்டையும் அதே சிம்முக்கே அனுப்புகிறது. கேட்டது எந்த ஃபோனோ அதே ஃபோனிடம் "நீதானா?" என்று கேட்பதில் என்ன பாதுகாப்பு இருக்கிறது? ஃபோனைத் திருடி வைத்திருப்பவனாலும் அந்தக் குறியீட்டைத் திருப்பி அனுப்ப முடியும். உம்மாவால்தான் முடியவில்லை. பாதுகாப்பின் பெயரில் வைத்த பூட்டு, உரிமைக்காரியைத்தான் உள்ளே வைத்துப் பூட்டியது.

ஆக, என்னிடம் இரண்டு அனுபவங்கள். ஒன்றில் கேட்காமலே விலக்கினார்கள், நட்டம் வந்தது. மற்றையதில் கேட்டுக் கேட்டே விலகவிடவில்லை, அதிலும் நட்டம். இரண்டையும் ஒரே தராசில் வைப்பதற்கு, உள்ளே என்ன நடக்கிறது என்பதைச் சற்று விளங்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

மின்னஞ்சலில் "அனுப்புநர்" என்று காணும் முகவரி, கடித உறையின் பின்பக்கத்தில் எழுதும் பெயரைப் போன்றது. எவரும் எவருடைய பெயரையும் எழுதலாம். ஆரம்ப காலத்தில் பட்டியல்களை நடத்திய மென்பொருள்களுக்கு "என்னை நீக்கு" என்று ஒரு வரி எழுதினாலே போதுமாக இருந்தது. அப்படியானால் எனக்குப் பிடிக்காத ஒருவரின் பெயரில் நானே எழுதி அவரை நீக்கிவிடலாம். இதைத் தடுக்கத்தான் மெயில்மேன் போன்ற மென்பொருள்கள், விலகல் கோரிக்கை வந்ததும் அந்த முகவரிக்கே ஒரு மடல் அனுப்பி, "கேட்டது நீங்கள்தானா? ஆம் எனில் இதற்குப் பதில் எழுதுங்கள்" என்று கேட்டன. அஞ்சற்பெட்டி எவர் கையில் இருக்கிறதோ அவரே உரியவர் என்பதுதான் இதன் தர்க்கம். அந்தக் காலத்துக்கு அது நியாயமான ஏற்பாடு.

பின்னர் முறை மாறியது. 1998 இல் வெளியான ஆர்.எஃப்.சி. 2369 என்ற இணையத் தர ஆவணம், ஒவ்வொரு மடலின் தலைப்பகுதியிலும் விலகும் வழியை எழுதிவைக்க ஓர் இடம் ஒதுக்கியது. மடலின் அடியிலும் இணைப்பு வைக்கும் வழக்கம் வந்தது. இன்றைய இணைப்புகளில், பொருள் விளங்காத நீண்ட எழுத்துக் கோவை ஒன்று இருப்பதைக் கண்டிருப்பீர்கள். அது ஒவ்வொரு சந்தாதாரருக்கும் தனித்தனி. அதை ஊகித்து எழுத எவராலும் முடியாது. அதாவது அந்த இணைப்பே ஒரு சாவி. சாவி வைத்திருப்பவர் பெட்டிக்குரியவர்தான் என்று சேர்வர் எடுத்துக்கொள்கிறது. போலிப் பெயரில் விலக்கும் பிரச்சினை இத்துடன் பெரும்பாலும் தீர்ந்தது. ஆனால் சாவியை உரியவரே பிறருக்குக் கொடுத்தால்? நான் செய்தது அதுதான். மடலை அப்படியே பத்துப் பேருக்கு அனுப்பியபோது, எனது வீட்டுச் சாவியில் பத்துப் பிரதி வெட்டி விநியோகித்திருக்கிறேன்.

இன்னொரு சிக்கலும் வந்தது. அலுவலகங்களில் மடல்களைக் காவல் செய்யும் மென்பொருள்கள், உள்ளே நஞ்சு இருக்கிறதா என்று பார்க்க ஒவ்வொரு இணைப்பையும் தாமாகவே திறந்து பார்க்கும். அப்படித் திறந்தபோது விலகல் இணைப்பும் திறபட்டது. மனிதர் எவரும் தொடாமலேயே ஆட்கள் பட்டியலிலிருந்து விழுந்தார்கள். இதற்கு மருந்தாக 2017 ஜனவரியில் ஆர்.எஃப்.சி. 8058 வந்தது. இணைப்பைத் திறப்பது வேறு, "விலக்கு" என்று கட்டளை அனுப்புவது வேறு என்று அது பிரித்தது. மடலின் தலைப்பகுதியில் இருக்கும் அந்தக் கட்டளையை ஜிமெயில் போன்ற சேவைகள் ஒரு பொத்தானாகக் காட்டுகின்றன. ஒரே அழுத்தல். லாகின் செய்யச் சொல்லக்கூடாது. குக்கி முதலிய வேறு அடையாளம் எதையும் நம்பியிருக்கவும் கூடாது என்பது அதன் விதி. 2024 பெப்ரவரியிலிருந்து கூகுளும் யாஹூவும் இதையே நிபந்தனையாக்கத் தொடங்கின. ஜிமெயில் முகவரிகளுக்கு நாளொன்றுக்கு 5000 இற்கு மேல் மடல் அனுப்புபவர், விளம்பர மடல்களிலும் சந்தா மடல்களிலும் ஒரே அழுத்தலில் விலகும் வசதி வைக்க வேண்டும். கோரிக்கையை இரண்டு நாட்களுக்குள் நிறைவேற்றவும் வேண்டும்.

என் கதைக்கு வேண்டிய ஒரு நுணுக்கம் இதில் இருக்கிறது. நாம் ஒரு மடலை வழமைபோல இன்னொருவருக்கு அனுப்பும்போது அதன் உடற்பகுதிதான் போகிறது. அந்த மறைந்த தலைப்பகுதி போவதில்லை. ஆகவே மேலே இருக்கும் பொத்தான் உரியவரோடு நின்றுவிடும். அடியில் எழுதப்பட்ட இணைப்புத்தான் ஊர் சுற்றும். ஆபத்து இருப்பது அந்தக் கீழ் வரியில். அதற்கும் பாஸ்வேர்ட் தேவையில்லை. அழுத்தியதும் ஒரு பக்கம் திறந்து, "இன்னாருடைய முகவரி நீக்கப்படப் போகிறது" என்று காட்டி, ஒரு பொத்தான் வைத்தால் போதும். அந்தப் பையன் அதில் எனது பெயரைக் கண்டிருந்தால் அழுத்தியிருக்க மாட்டான். அவனுக்கு என்மீது கோபம் இல்லை. அவன் அழுத்துவது எதை என்று அவனுக்குத் தெரியவில்லை. அத்தாட்சி கேட்பது வேறு, தெரியப்படுத்துவது வேறு. நான் நிறுவனத்துக்கு எழுதிய கடிதத்தில் இரண்டையும் குழப்பியிருந்தேன்.

சட்டங்களும் பெரும்பாலும் இந்தத் திசையில்தான் போயிருக்கின்றன. அமெரிக்காவின் 2003 ஆம் ஆண்டுக் கேன்-ஸ்பாம் சட்டத்தின் கீழ் 2008 இல் வந்த விதி, வணிக மடல்களிலிருந்து விலகுகிறவரிடம் மின்னஞ்சல் முகவரியையும் அவரது விருப்பத்தையும் தவிர வேறெந்தத் தகவலையும் கேட்கக்கூடாது என்கிறது. பணம் கேட்கக்கூடாது. ஒரு பதில் மடல், அல்லது ஒரேயொரு இணையப் பக்கம். அதற்கு மேல் அலைக்கழிக்கக்கூடாது. ஐரோப்பியப் பொதுத் தரவுப் பாதுகாப்பு ஒழுங்குவிதியின் 7 ஆம் உறுப்புரை, சம்மதம் கொடுப்பது எவ்வளவு இலகுவோ அதை மீளப்பெறுவதும் அவ்வளவு இலகுவாக இருக்க வேண்டும் என்கிறது. உம்மாவின் விடயத்தை இந்த அளவுகோலில் வைத்தால், ஒரு அழுத்தலில் சேர்த்தவர் ஒரு அழுத்தலில் விட்டிருக்க வேண்டும்.

உம்மாவுக்கு நேர்ந்ததற்கு மிக நெருக்கமான பரிகாரம் இந்தியாவில் நடந்தது. அங்கும் கேளாமலே சேவையில் சேர்த்துக் காசு வெட்டுவது பெரும் முறைப்பாடாக இருந்தது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், 2013 ஜூலையில் ஒரு பணிப்புரை விடுத்தது. பெறுமதி சேர் சேவை ஒன்றில் ஒருவரைச் சேர்ப்பதற்கு முன் இரண்டாவது தடவையும் அவரது வெளிப்படையான சம்மதத்தைப் பெறவேண்டும். வெளியேறுவதற்கு எல்லாக் கம்பனிகளுக்கும் பொதுவாக 155223 என்ற கட்டணமற்ற இலக்கம். இரட்டைப் பூட்டை எங்கே வைத்தார்கள் பாருங்கள்: உள்ளே வரும் வாசலில்.

நமது நாட்டில் 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் அந்த வருடம் மார்ச் 19 ஆம் திகதி அத்தாட்சிப்படுத்தப்பட்டது. செய்திகளை அனுப்புவதற்கு ஒருவரது தரவைப் பயன்படுத்துவது பற்றி அதில் ஒரு பகுதி இருக்கிறது. சம்மதம் பெற்றே அனுப்ப வேண்டும். தொடர்பு விபரத்தைப் பெறும்போதும், பின்னர் ஒவ்வொரு செய்தியை அனுப்பும்போதும், கட்டணமின்றி விலகுவது எப்படி என்று சொல்ல வேண்டும். இச்சட்டத்தின் பகுதிகள் ஒரே நாளில் அல்லாமல் படிப்படியாக நடைமுறைக்கு வரும் வகையில் அமைந்தவை. விலகும் வழியை அந்த மனிதர் வாசிக்கும் மொழியில் சொன்னால்தான் அது சொன்னதாகும் என்பது என் கருத்து. ஆங்கிலத்தில் எழுதிய கதவு உம்மாவுக்குக் கதவல்ல, சுவர்.

"சேர்வதற்கு மட்டும் ஏன் உறுதிப்படுத்தல்? அது தொந்தரவு இல்லையா?" என்று ஒரு நண்பர் கேட்டார். சேரும்போது கேட்காவிட்டால் நடப்பது இது: என் முகவரியை எவனோ ஆயிரம் பட்டியல்களில் போட்டுவிடலாம். 2016 ஆகஸ்டில் உலகெங்கும் பல அரச அலுவலர்களின் முகவரிகளுக்கு இப்படித்தான் வெள்ளம்போல் மடல்கள் பாய்ந்தன. உறுதிப்படுத்தல் கேட்காத நேர்மையான பட்டியல்களையே ஆயுதமாக்கினார்கள். திருடர்களும் இதைச் செய்வதுண்டு. வங்கியிலிருந்து வரும் எச்சரிக்கை மடல் அந்தக் குவியலுக்குள் புதைந்துவிட வேண்டும் என்பது அவர்கள் எண்ணம். ஆகவே வாசலில் ஸலாம் சொல்லி, அனுமதி கேட்டு, கிடைத்தால் நுழைவது, "திரும்பிப் போங்கள்" என்றால் திரும்பிவிடுவது என்று பிறர் வீட்டுக்குள் நுழைவதற்கு நமக்குச் சொல்லித்தரப்பட்ட ஒழுக்கம் இங்கும் பொருந்தும். அனுமதி கேட்கும் கடமை வருகிறவருக்குரியது. போகச் சொல்கிற வீட்டுக்காரரிடம் உறுதிப்பத்திரம் கேட்க வந்தவருக்கு உரிமை இல்லை.

பாஸ்வேர்ட் கேட்பதில் இன்னொரு கெடுதியும் உண்டு; இதை நான் தாமதமாகத்தான் உணர்ந்தேன். மோசடி மடல்களின் அடியிலும் "விலக இங்கே அழுத்துக" என்ற வரி இருக்கும். அழுத்தினால் ஒரு பக்கம் திறந்து உங்கள் மின்னஞ்சலின் பாஸ்வேர்டைக் கேட்கும். நல்ல நிறுவனங்களும் அதையே கேட்கத் தொடங்கினால், விலகுவதற்குப் பாஸ்வேர்ட் கொடுப்பது வழமைதான் என்று சனம் பழகிவிடும். பிறகு கள்ளனுக்கு வேலை மிச்சம். (பதிந்திராத இடத்திலிருந்து வரும் அறிமுகமற்ற மடல்களில் விலகல் இணைப்பை அழுத்தவே வேண்டாம். இந்த முகவரியில் ஆள் இருக்கிறார் என்ற தகவலைத்தான் அது கொண்டுபோய்க் கொடுக்கும். குப்பைக் கோவைக்குத் தள்ளிவிடுங்கள்.)

எல்லாவற்றையும் ஒரே மாதிரிப் பார்க்கவும் முடியாது. வங்கிக் கணக்கிலிருந்து பணம் எடுத்தால் வரும் குறுஞ்செய்தியும் ஒரு வகையில் பட்டியல்தான். ஆனால் அதை நிறுத்துவதுதான் திருடனின் முதல் வேலையாக இருக்கும். அங்கே பூட்டு வேண்டும், கனமான பூட்டாகவே வேண்டும். மின்னஞ்சல் கணக்கையே அழிப்பதும் அப்படித்தான். அழித்ததைத் திரும்பப் பெறுவது கடினம். நான் பார்க்கும் அளவுகோல் இதுதான்: தவறி விலக்கப்பட்டவர் அதை அறிந்து திரும்பி வர முடியுமா? முடியுமென்றால் வாசலில் காவல் வேண்டாம். விளம்பரம், சஞ்சிகை, கிரிக்கெட் ஓட்டம் எல்லாம் இதற்குள் அடங்கும். இதே காலாண்டிதழின் சந்தாவை நிறுத்த விரும்புபவரிடம் ஆசிரியர் அடையாள அட்டைப் பிரதி கேட்டதாக நான் கேள்விப்படவில்லை. அடுத்த வருடக் காசை அனுப்பாவிட்டால் சரி.

"அறிந்து" என்ற சொல்லில்தான் எனது மருமகனின் இழப்பு கிடக்கிறது. என்னை விலக்கியதைவிட, விலக்கியதை எனக்குச் சொல்லாததே பெரிய பிழை. ஒரேயொரு கடைசி மடல், "உங்கள் கோரிக்கைப்படி நீக்கிவிட்டோம், கேட்டது நீங்கள் இல்லையென்றால் இங்கே அழுத்தித் திரும்பி வாருங்கள்" என்று வந்திருந்தால் அன்று மாலையே நான் உள்ளே வந்திருப்பேன். விலகியவருக்கு அது ஒரு மடல் தொந்தரவு. விலகாதவருக்கு அது ஒரு வருடம்.

எங்கள் வாசகர் வட்டத்துக்கும் ஒரு சிறு மின்னஞ்சல் பட்டியல் உண்டு. முந்நூறுக்குக் கிட்டிய முகவரிகள். கூட்ட அறிவித்தல், புது நூல் விபரம், எப்போதாவது ஒரு ஜனாஸா அறிவித்தல். எனது கோபம் தீர முன்னர், அதில் விலகுவதற்கு நான் ஒரு குறியீட்டு முறை வைத்திருந்தேன். கட்டாரில் இருக்கும் எங்களூர்த் தம்பி ஒருவர் மூன்று தரம் முயன்று முடியாமல், எங்கள் மடல்களைக் குப்பை என்று குறித்துவிட்டார். இன்னும் சிலரும் அப்படிச் செய்திருக்க வேண்டும். அடுத்த கூட்ட அறிவித்தல் விலக நினைக்காத பலருடைய குப்பைக் கோவைக்குள் போய் விழுந்தது. விலக விடாதவர்களை மடல் சேவைகள் இப்படித்தான் தண்டிக்கின்றன. அன்று மண்டபத்தில் பதினொரு பேர் இருந்தோம். பேச வந்தவரையும் சேர்த்து.

இப்போது குறியீட்டை எடுத்துவிட்டோம். இணைப்பை அழுத்தினால் முகவரியைக் காட்டும் ஒரு பக்கம், ஒரு பொத்தான், பிறகு தமிழில் ஒரு கடைசி மடல். சென்ற வருடம் அந்தக் கடைசி மடலைக் கண்டு திரும்பி வந்தவர்கள் நால்வர். அதில் இருவர் கணவன் மனைவி. ஒரே ஃபோனில் ஒருவர் மற்றவரை விலக்கியிருந்தார்கள். யார் யாரை என்று நாங்கள் விசாரிக்கவில்லை.

நிறுவனத்துக்கு இரண்டாவது கடிதமும் எழுதினேன், முதற் கடிதத்தை வாபஸ் வாங்கி. மருமகன் அடுத்த தொகுதிக்கு விண்ணப்பித்திருக்கிறான். இம்முறை அவனையே பட்டியலில் பதியச் செய்திருக்கிறேன். வேறு எவருக்கும் அனுப்புவதென்றால், அடியிலிருக்கும் அந்த வரியை அழித்துவிட்டே அனுப்புகிறேன்.